பின்வாசல் ஈரம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த ஈரத்தடத்தை முதலில் பார்த்தேன்.

வீட்டில் முதலில் எழுபவள் நான். இருட்டிலேயே பின்வாசல் வழியாகப் போய், கிணற்றடியில் முகம் கழுவி, தாழ்வாரக் கொடியில் காயும் துணிகளை ஒதுக்கிவிட்டு, சாக்கில் கால் துடைத்து உள்ளே வந்து விளக்கைப் போட்டேன். சிவப்பு சிமென்ட் தரையில் காலடித் தடங்கள். நான் படுக்கும் உள்ளறையின் வாசற்படியில் தொடங்கிக் கூடத்தைக் குறுக்கே கடந்து பின்வாசல் வரை போயிருந்தன. யாரோ நனைந்த காலோடு நடந்துபோனது போல இருந்தது.

எதையும் சரிபார்க்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. வயர் கம்பெனியில் செக்கிங் வேலை, அதனால் வந்த குணம். அண்ணாந்து ஓட்டைப் பார்த்தேன், எங்கும் ஒழுகவில்லை. கதவு உள்தாழ்ப்பாள் நான் திறந்தபோது போட்டபடியே இருந்தது. என் பாய் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் மழைக்காலத்தில் எங்கள் தரை ஓதம் காக்கும். உள்ளறையில் இருந்து வெளியே போனவள் நான் ஒருத்திதான். நான் போனபோது என் கால் நனைந்திருக்கவில்லை. நனைந்திருந்தால் எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் கவனித்தேன். எல்லாத் தடத்திலும் விரல்கள் பின்வாசலைப் பார்த்திருந்தன. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

வெளிச்சம் வந்ததும் எறும்புகள் வந்தன. கறுப்பு எறும்பு. தடத்துக்குத் தடம் வட்டமாக மொய்த்து, தரையில் கரியால் பாதம் வரைந்தது போல ஆகிவிட்டது.

அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் சரோஜா பால் வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நவுராத. மிதிச்சிடாத. அவங்க வந்துகினு போயிருக்காங்க."

யாரென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

நான் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி கன்னியம்மா பத்தொன்பது வயதில் ஏரியில் மூழ்கி இறந்துபோனார். சுமங்கலியாக இறந்த பெண்ணை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் மரியாதை அவளுக்குத்தான். ஏரிக்கரையில் பம்பை அடித்து அழைத்து, குடத்துத் தண்ணீரில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை சாத்தி, பூவைக் கொட்டிப் படையல் போடுவார்கள். என் மகள் வசந்திக்கு அந்த ஆண்டுதான் தை மாதத்துக்கு முகூர்த்தம் குறித்திருந்தோம். பூவாடைக்காரிக்குப் படையல் இன்னும் போடவில்லை.

"கேட்டுகினு வந்திருக்காங்க," என்றாள் சரோஜா. "தண்ணில இருக்கறவங்க இல்லியா, காலு ஈரமாத்தான இருக்கும். எறும்பு மொய்க்குது பாரு. சாமி நின்ன எடம், இனிக்குது."

தடங்களைச் சுற்றி மஞ்சள்பொடியால் வளையம் போட்டாள். அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று வசந்தியிடமும் அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். ஒரு தடவையாவது என் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். சாமி தடத்தின்மேல் யார் கால் வைப்பார்கள்?

அதன்பின் வாரத்தில் பாதி நாள் தடம் விழுந்தது. நான் உட்கார்ந்து எழுந்த பலகையிலும் ஈரம் இருந்தது. என் புடவைக் கரை நனைந்திருக்கும், ஈரத்தில் இழுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எங்கே போனாலும் ஒரு மணம் பின்னாலேயே வந்தது. பழுத்த பழத்தை மூடிவைத்தது போன்ற மணம். அதைப் பூவாடை என்றாள் சரோஜா. எனக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள் என்ற நினைப்பு பகலிலேயே வந்துவிட்டது. தறிகெட்டுப் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு உட்காரத் தொடங்கினேன்.

அந்த ஈரம் என்னுடையதாக இருக்கும் என்று ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு டாக்டரம்மா கேட்டார். நான் சொன்ன பதில் இதுதான்: இருமினால், தும்மினால் இரண்டு சொட்டு கசிவது பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் உண்டு. எனக்கும் உண்டு. அதற்குத் துணி மடித்து வைத்துக்கொள்வேன், அது எனக்குத் தெரிந்த ஈரம். இது அப்படி இல்லை. எனக்கு முட்டவே இல்லை. முட்டாமல் எப்படிப் போகும்? அதோடு நான் தண்ணீரே குடிப்பதில்லையே.

தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் கம்பெனியில் நாங்கள் உட்காரும் லைன். எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு பித்தளை டோக்கன் சூப்பர்வைசர் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் எல்லோரும் பார்க்க அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழலாம். அதனால் லைனில் உட்காரும் பெண்கள் யாரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஷிப்ட் முழுக்க டோக்கனைத் தொடாதவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு பல வருஷமாக என்னுடையது.

"மனோன்மணி அக்காவுக்குக் கீறது மூத்திரப்பை இல்லடி, ஊராட்சித் தண்ணி டேங்கு," என்பாள் பக்கத்து ஸ்டூல்காரி. லைனே சிரிக்கும். நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருக்கும்.

கார்த்திகை தொடக்கத்தில் குளிர்க் காய்ச்சல் வந்தது. பல் கிட்டித்துப்போகும் நடுக்கம், விலாவுக்குக் கீழே குத்தல், அடிவயிறு கல்லாகக் கனத்தது. சரோஜா திருநீறு பூசிவிட்டு, "படையல் போடாம ஆஸ்பத்திரி போனா அவங்களுக்குக் கோவம் ஏறும். அமாவாசை கழியட்டும் அண்ணே," என்று தன் அண்ணனிடம் சொன்னாள். அவர் எப்போதும் தங்கை பேச்சைத் தட்டாதவர். அன்று மட்டும் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் சட்டையை மாட்டினார்.

"ஒரு தபா காத்துகினு இருந்தது போதும்," என்றார்.

அப்போது அது எனக்குப் புரியவில்லை.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பூந்தமல்லி வழியாக பஸ்ஸில் போனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் ஊர் எது என்று கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி எங்களை நிமிர்ந்து பார்த்தார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பின், அந்த ஆண்டு எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பார்வை கிடைத்தது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் நான் நின்ற இடத்தில் தரையைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. அங்கே ஓடு இல்லை, மழை இல்லை. ஏரி எங்கள் ஊரோடு நின்றுவிட்டது. பூவாடைக்காரி மெட்ராஸ் வரைக்கும் கூடவே வந்துவிட்டாளே என்றுதான் முதலில் நினைத்தேன்.

என்னைப் பரிசோதித்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். அடிவயிற்றில் விரலால் தட்டிப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, யூரின் எப்பப் போனீங்க?"

"காலையில."

"இப்ப முட்டலையா?"

"இல்லையே."

சிஸ்டர் ரப்பர்க் குழாயைச் செலுத்தினார். அது வலிக்கவில்லை, வெட்கம்தான் பெரிதாக இருந்தது. கட்டிலுக்கடியில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. பாத்திரத்தை நடுவில் மாற்றினார்கள். ஒரு வீட்டுக் குழாயை யாரோ திறந்துவிட்டுப் போன மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. அது என் உடம்பில் இருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லாக இருந்த வயிறு மெல்ல அமிழ்ந்தது. என் உடம்புக்குள் எனக்குச் சொல்லாமல் ஒரு ஏரி இருந்திருக்கிறது. பக்கத்து ஸ்டூல்காரி சொன்ன தண்ணீர் டேங்க் ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ரத்தத்தில் சர்க்கரை என்று சொன்னார்கள். கொஞ்ச நஞ்சம் இல்லை, பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்.

"செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்திருக்கீங்களா?"

நடந்திருக்கிறேன். கம்பெனி கேட்டில் ஒற்றைச் செருப்போடு நின்று எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"சர்க்கரை ரொம்ப நாள் இருந்தா நரம்பு மரத்துப்போகும். காலுக்குப் போற நரம்பும், மூத்திரப்பைக்குப் போற நரம்பும். நிறைஞ்சா 'நிறைஞ்சிடுச்சு'ன்னு சொல்ற நரம்பு பேசறதை நிறுத்திடும். பை நிறைஞ்சு வழியும். வழியறது உங்களுக்குத் தெரியாது, காலை நனைக்கறதும் தெரியாது. அந்தத் தண்ணில சர்க்கரை இருக்கு."

"அதனாலதான் எறும்பா?" என்றேன்.

"எறும்பு வந்துச்சா? அப்பவே கிளம்பி வந்திருக்கணும்மா நீங்க. எறும்பு எங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கு."

விடாமல் கேட்டுக்கொண்டே போனார். எத்தனை பிரசவம்? எல்லாம் வீட்டிலா? மூத்த பிள்ளை பெருத்துப் பிறந்ததா? மாதவிலக்கு நின்று எவ்வளவு நாள்? உடம்பு எப்போது கனத்தது? தலையில் தண்ணீர்க் குடம், நெல் மூட்டை சுமந்ததுண்டா? நாள்பட்ட இருமல்? மலச்சிக்கலில் முக்குவீர்களா? ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம் சொல்லச் சொல்ல, அவர் கையை விரித்து, விரல்களை ஊஞ்சல் போலக் கோத்துக் காட்டினார். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இருந்து தாங்குகிற தசை அது. ஒவ்வொரு பிரசவமும் அதைத் தளர்த்தும். பாரம் தூக்குவதும், இருமலும், முக்குவதும், பருத்த உடம்பும் அதை மேலே இருந்து அழுத்தும். மாதவிலக்கு நின்றபின் அங்குள்ள சதை மெலிந்துபோகும். அதனால்தான் நாற்பது ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இருமினால் கசிகிறது. இது வயதின் தண்டனை என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை, பாதிக்குமேல் பயிற்சியிலேயே சரியாகும் என்றார்.

"உங்களுக்கு அது பழைய கணக்கு. மேல சர்க்கரை சேர்ந்திருக்கு. அதுக்கும் மேல, நாள் பூரா அடக்கி அடக்கிப் பையை இழுத்துவிட்டிருக்கீங்க. தண்ணி குடிக்காம இருந்தா கசியாதுன்னு நினைச்சீங்க. அதுல கிருமிதான் வளர்ந்துச்சு. காய்ச்சல் அதுதான்." சற்று நிறுத்திச் சொன்னார்: "தேங்கின தண்ணி கிட்னிவரை திரும்ப ஏறியிருக்கு. இன்னும் அமாவாசை, பௌர்ணமின்னு இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

பை பழையபடி சுருங்குமா என்று கேட்டேன். குழாயை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். சுருங்காவிட்டால் ஆயுளுக்கும் நானே குழாய் போட்டு வடித்துக்கொள்ள வேண்டும். அந்த வாரங்கள் முழுக்க என் பயம் அது ஒன்றுதான். குழாயோடு எந்த லைனில் உட்காருவேன்? கல்யாண வீட்டில் எங்கே நிற்பேன்?

என் வீட்டுக்காரர் ஆண்களை நுழையவிடும் வேளை பார்த்து வந்து என் நனைந்த துணிகளை வாங்கிப் போவார். ஆஸ்பத்திரி பின்பக்கக் குழாயில் அவரே துவைத்துக் கைப்பிடிச் சுவரில் காயப்போடுவார். கூச்சத்தில் எனக்கு உயிர் போயிற்று. "வசந்தி வரட்டும், நீங்க ஏன்," என்றேன். அவர் காய்ந்த துணியை விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடித்து என் தலைமாட்டில் வைத்தார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு துணி மடித்து நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் செய்யாற்றுப் பக்கத்துச் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். தலைநிறைய மல்லிகை வைத்திருப்பாள். தலையணைக்கடியிலும் மல்லிகை. அவள் கட்டிலுக்கடியில் மட்டும் எந்நேரமும் ஒரு தட்டு இருக்கும், சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்கும். முதல் பிரசவத்தில் குழந்தையின் தலை நாள்கணக்கில் இடுப்பெலும்பில் சிக்கி அழுத்தியதில், மூத்திரப்பைக்கும் பிள்ளை வரும் வழிக்கும் நடுவில் சதை அழுகி ஓட்டை விழுந்துவிட்டதாம். குழந்தை தங்கவில்லை. அதிலிருந்து ஒழுக்கு நிற்பதில்லை. புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஓட்டையைத் தைச்சிடுவோம், தைக்கக்கூடியதுதான்," என்று டாக்டரம்மா அவளிடம் தினமும் சொல்வார். அவள் தினமும் புதிதாகக் கேட்பாள்.

ஒரு மாலை சரோஜா என்னைப் பார்க்க வந்தாள். தலைமாட்டில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவள், அந்த மணத்தை இழுத்து நின்றுவிட்டாள். மல்லிகையும், மல்லிகையால் மூடப்பட்ட இன்னொன்றும். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி… இந்த வாசனதான்."

"எது?"

"நம்ம வூட்ல. அவங்க இருந்தப்போ." கன்னியம்மாவைத்தான் சொன்னாள். "எனக்கு அப்ப பத்து வயசு. கொழந்த சிக்கிகினு மூணு நாளு. மருத்துவச்சி நாளைக்கு ஆயிடும், நாளைக்கு ஆயிடும்னா. அண்ணன் வண்டி கட்டவானு கேட்டுது, அம்மா வாணான்னுச்சு. செத்துத்தான் பொறந்துது. அப்பால இருந்து அவங்களுக்கு நிக்கல. மாட்டுக் கொட்டாயில பாய் போட்டுக் குடுத்தாங்க. அவங்க பூவா வெச்சுப்பாங்க. மல்லி, மருக்கொழுந்து, கெடச்சதெல்லாம். நான்தான் பறிச்சாந்து குடுப்பேன்."

"அப்புறம்?"

"எப்பவும் ஏரியிலயே நிப்பாங்க, இடுப்பு வரைக்கும். ஏன் அண்ணி நிக்கறன்னு கேட்டேன். 'தண்ணில நின்னா நான் நனஞ்சிருக்கறது யாருக்கும் தெரியாதுடி'ன்னாங்க. ஒருநா வரல."

அந்தப் பெண்ணின் தட்டில் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சரோஜா கேட்டாள்.

"இதைத் தைக்கலாமா அண்ணி? அப்பவும் தைச்சிருக்கலாமா?"

எனக்குப் பதில் தெரியும். அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

குழாயை எடுத்த அன்று, முட்டினாலும் முட்டாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும் என்றார்கள். போய், எழுந்து, மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் வடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் வரவில்லை. கழிப்பறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆயுளுக்கும் குழாய் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. சாயங்காலம் வந்தது. என் ஆயுளில் எந்தச் சத்தத்துக்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. சிஸ்டர் அளந்து பார்த்து, பையில் மிச்சம் கொஞ்சம்தான் என்றார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளவும், சிறுநீரை நடுவில் நிறுத்துவது போல அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தவும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்.

மார்கழியில் வேலைக்குப் போனேன். மணியடித்த மாதிரி எழுந்து டோக்கனைக் கழுத்தில் மாட்டினேன். லைன் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இன்னாக்கா, டேங்கு ஒடஞ்சிடுச்சா?" என்றாள் பக்கத்து ஸ்டூல்காரி.

"ஒடஞ்சுதான் போச்சு. உனக்கு ஒடையறதுக்குள்ள நீயும் எழுந்து போ," என்றேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் ஆளாளுக்குத் தங்கள் துணியைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தி தன் வீட்டிலும் எறும்பு வருவதாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆணியில் இப்போதும் ஒரே டோக்கன்தான். ஆனால் அது இப்போது ஆணியில் தொங்குவதே குறைவு.

வீட்டில் தடம் விழுவது நின்றுவிட்டது.

தை பிறந்ததும் படையல் போட்டோம். ஏரிக்கரையில் பம்பைக்காரர் அடித்து அழைத்தார். குடத்தை நான் சுமந்தேன். கூடத்தில் குடத்தை வைத்து, பட்டுப்புடவை சாத்தி, பூவைக் குவித்தோம். பம்பை ஏறியபோது சரோஜாவுக்கு அருள் வந்தது. வழக்கமாக ஆடுவாள். அன்று ஆடவில்லை. கைகளைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு, ஓரமாகக் குந்தி உட்கார்ந்து நடுங்கினாள்.

"இன்னா தாயி வோணும்? பட்டு சாத்தியாச்சு, பூ போட்டாச்சு, கொறை இன்னா?" என்றார் பம்பைக்காரர்.

சரோஜா பேசினாள். அது பத்தொன்பது வயதுக் குரல் என்று சத்தியம் செய்யமாட்டேன். "பட்டு வாணாம். நனஞ்சிருக்கேன். காஞ்ச துணி இருந்தா குடுங்க."

என் வீட்டுக்காரர் உள்ளறைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் அவர் மடித்துக் கொடுத்த வெள்ளைத் துணிகளில் ஒன்றை டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்துவந்து, பட்டை ஒதுக்கிவிட்டு, குடத்தின் முன்னால் வைத்தார். விளிம்புகளைச் சரிசெய்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் நான்தான் முதலில் எழுந்தேன். விளக்கைப் போட்டேன். சிவப்புத் தரையில் ஈரத்தடம்.

முதல் வேலையாக என் துணியைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. பாய் உலர்ந்திருந்தது. எறும்பு வருமென்று வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. இந்தத் தடவை என் காலை அதன் பக்கத்தில் வைத்தேன். என் பாதத்தைவிடச் சின்னது. வசந்தியின் பாதமும் சின்னதுதான். அவள் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தாளா என்று கேட்டிருக்கலாம். குடத்திலும் தண்ணீர் இருந்தது, சிந்தியிருக்கலாம். நான் யாரையும் கேட்கவில்லை.

தடம் பின்வாசலில் தொடங்கியிருந்தது. விரல்கள் வீட்டுக்குள் பார்த்திருந்தன. கூடத்தைக் கடந்து நேராகப் படையலுக்கு வந்து, அந்த வெள்ளைத் துணியின் முன்னால் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்கு அப்பால் தரை உலர்ந்து கிடந்தது.